மருந்து முழிச்சாத்தான்

குழித் தட்டு உள்ள போயாச்சு. இனி ரெண்டு மணி நேரம் வடிவுக்குச் செய்ய ஒண்ணுமே இல்ல, செய்ய வேண்டியதெல்லாம் கிருமிங்கதான் செய்யணும், ஆனா அவளுக்கு ஸ்டூல விட்டு எந்திரிக்கத் தோணல. இன்குபேட்டர் கதவையே பாத்துட்டு ஒக்காந்திருந்தா. கதவ மூடினதும் உள்ள லைட்டு அணைஞ்சிருமா, இல்ல எரிஞ்சிட்டேதான் இருக்குமா? இந்த லேபுக்கு வந்து இத்தன வருஷத்துல ஒரு நாளும் இது தோணினதில்ல, இன்னைக்குத்தான் தோணுது, அதுவும் பெரிய கவலை மாதிரி. இருட்டுல கெடக்குமோ அதுங்க. இருட்டுன்னா அதுங்களுக்கு என்ன, வெளிச்சம்னா என்ன. சூடு இருந்தா போதும், நம்ம ஒடம்புச் சூடு. அந்தப் பெட்டிக்குள்ள மனுஷ ஒடம்போட சூடுதான் வச்சிருக்கு. ஒரு ஆளு உள்ள ஒக்காந்திருக்கிற மாதிரி. அப்படி நெனச்சதும் பகவதி அக்கா உள்ள ஒக்காந்திருக்கிற மாதிரியே ஆயிருச்சு, சீ, என்ன நெனப்பு இது. தட்டுல கடைசி வரிசைக் குழி பன்னெண்டும் இவ திருட்டுத்தனமா வச்சது. "என்ன அது, கடைசி வரிசை கொஞ்சம் கலங்கலா இருக்கு?"ன்னு ரொசாரியோ அண்ணன் கேட்டதுக்கு, "சும்மா ஒரு கன்ட்ரோல்"னுட்டா. ரொசாரியோ அவளுக்கு ரெண்டு வருஷம் சீனியர், தூத்துக்குடிக்காரர், எத மறைச்சாலும் கண்டுபிடிச்சிருவாரு, கண்டுபிடிச்சாலும் மேல கேக்க மாட்டாரு, அதான் அவருகிட்ட பயம். கன்ட்ரோலாம், ஒப்பிட்டுப் பாக்க வைக்கிற குழியாம். அம்மா அடுப்புல கொதிச்ச கசாயம் அது, இருமல் மருந்து குப்பியில ஊத்தி பையில போட்டு டவுன் பஸ்ஸுல கொண்டாந்தது.

எவ்வளவு அழகான ஏற்பாடு தெரியுமா இந்தச் சோதனை! முத வருஷம் இதப் படிச்சப்ப வடிவுக்கு ராத்திரி தூக்கமே வரல. ஒரு கிருமி இருக்கு, அதோட டி.என்.ஏ எங்கயாவது உடைஞ்சா அது சும்மா கெடக்காது, உள்ளுக்குள்ளயே அலறும். அலறினா ரிப்பேர் பாக்குற ஆளுங்க எல்லாம் ஓடி வருவாங்க. யாரோ ஒரு புண்ணியவான் அந்த அலறலோட ஒரு நிறத்த முடிச்சுப் போட்டு விட்டுட்டான். அலறல் எங்க கேக்குதோ அங்க மஞ்சள். கிருமி வாய் தொறந்து சொல்லாதுல்ல, நிறத்துல சொல்லும். மஞ்சள் கூடக்கூட உள்ள சேதம் ஜாஸ்தி. இன்னொரு பக்கம், புத்துநோய்க்கு ஏத்துற சில மருந்து இருக்கே, அது ஒடம்புக்குள்ள தூங்கிட்டேதான் போகும். நரம்புல ஏறும்போது அது மருந்தே இல்ல, வெறும் சரக்கு. ஈரலுக்குப் போயி, அங்க இருக்கிற என்சைம் ஒண்ணு தட்டி எழுப்பினாத்தான் அது முழிக்கும், முழிச்சாத்தான் கட்டியோட டி.என்.ஏ-வப் போயி உடைக்கும். கிருமிக்கு அந்த என்சைம் கிடையாது. அதனால மனுஷ ஈரல்ல இருக்கிறத அதுக்குக் கொஞ்சம் இரவல் குடுத்து, மருந்த ஊத்தி, மஞ்சள் வருதான்னு பாக்குறது. வந்தா என்சைம் மருந்த எழுப்பிருச்சு. வரலன்னா மருந்து இன்னும் தூங்குது. இவ்வளவுதான் வடிவோட மொத்த ஆராய்ச்சி. ஆளுக்கு ஆள் அந்த என்சைம் வேற வேற மாதிரி இருக்கும், சிலது சுறுசுறு, சிலது மந்தம். மந்தமான ஒண்ணுல மஞ்சள் வெளிறிப் போயி வந்தப்ப லேப்ல குதிச்சா அவ. "பாத்தீங்களாண்ணே, எழுப்பவே மாட்டேங்குது!" சந்தோஷமா. அதத்தான் இப்ப நெனைக்கா. எழுப்பவே மாட்டேங்குதுன்னு கை தட்டினா. அந்த மந்தமான என்சைம் யாரோ ஒரு ஆளோட ஈரல்ல இருக்கும், அந்த ஆளுக்கு ஒரு பேரு இருக்கும், பக்கத்துல ஒரு அம்மா ஒக்காந்திருக்கும், இதெல்லாம் அன்னைக்கு அவ மண்டையில ஏறவே இல்ல.

பகவதி அக்காவுக்குப் புத்துநோய்னு ஆகி மொத மருந்து ஏத்தின அன்னைக்கு வடிவும் கூடப் போனா. ரெண்டு பை தொங்கவிட்டாங்க. ஒண்ணு செக்கச்செவேல்னு ரோஸ்மில்க்க விட அழுத்தமா, இன்னொண்ணு தண்ணி மாதிரி. தண்ணி மாதிரி இருந்த பையில எழுதியிருந்த பேர வாசிச்சதும் அவளுக்குப் பொசுக்குனு ஒரு சந்தோஷம், கூட்டத்துல தெரிஞ்ச ஆளப் பாத்த மாதிரி. நம்ம ஆளு! லேப் பிரிட்ஜ்ல, ரெண்டாவது தட்டுல, வெள்ளை மூடி போட்ட குப்பியில இருக்கிற அதே ஆளு. அக்காகிட்ட சொன்னா கூட, "இது என் மருந்துக்கா". அக்கா ஊசி குத்தின கைய அசைக்காமச் சிரிச்சா. "ஒன் மருந்தா? அப்ப கொஞ்சம் பாத்து நடந்துக்கிடச் சொல்லுட்டி". அந்த வார்டுல அன்னைக்குச் சாயந்தரம் ஒவ்வொரு கட்டிலா வாந்தி. சுத்தி பேசின் சத்தம், வெளக்கமாத்துச் சத்தம், பினாயில். அக்கா மட்டும் தூங்குனா. எந்திரிச்சு ரெண்டு இட்லி தின்னா. சட்னி ஒறப்பு பத்தலன்னா. அம்மாவுக்குப் பெருமை மொகம் கொள்ளல. பக்கத்துக் கட்டில் பொண்ணோட மாமியாருகிட்ட, எதிர்க் கட்டில்காரங்ககிட்ட, தூத்துப் பெருக்க வந்த பொம்பளைகிட்ட, எல்லாருகிட்டயும் கசாயப் பக்குவத்தச் சொன்னா. மொளகு, சுக்கு, மஞ்சத்துண்டு ஒண்ணு, கொஞ்சம் கருப்பட்டி, நாலு தம்ளர ஒரு தம்ளராச் சுண்ட வைக்கணும், காலையில மத்தியானம் ராத்திரி. "எம்மவளப் பாருங்க, ஒரு ஓங்கரிப்பு உண்டுமா?" டாக்டர் முந்தின நாளே தெளிவாத்தான் சொல்லியிருந்தாரு, வேற மருந்து எதுவும் குடுக்கக் கூடாது, கேக்காமக் குடுக்கவே கூடாதுன்னு. அம்மாவும் தலையாட்டினா. வெளிய வந்ததும் வடிவு கேட்டா, "அப்ப கசாயம்?" அம்மா அவள ஒரு மாதிரிப் பாத்தா. "கசாயம் மருந்தாட்டி? அது சாப்பாடுல்லா." சாப்பாடு. ரசத்துக்கு அக்கா தங்கச்சி. ரசம் குடிக்கலாமான்னு டாக்டருகிட்ட யாராச்சும் கேப்பாங்களா. வடிவும் அன்னைக்குச் சிரிச்சிட்டு விட்டுட்டா, அதான், அங்கதான் விட்டது.

வாந்தி வரலங்கிறது நல்லதுதான. நல்லதுதான். வாந்திய நிறுத்தவே தனியா ஒரு ஊசி போடுறாங்க, அது சில பேருக்கு நல்லாக் கேக்கும், அக்காவுக்குக் கேட்டிருக்கு, முடிஞ்சது. வாந்திய வச்சு மருந்து முழிச்சிதா இல்லையான்னு சொல்லவே முடியாது, வாந்தி சாட்சியே கெடையாது, இத அவளே பத்து பேருக்கு வெளக்குவா. ஆனா மனசு அந்த எடத்துல போயி முள்ளுல மாட்டின துணி மாதிரி நிக்குது, இழுத்தா கிழியுது, இழுக்காட்டி நகர மாட்டேங்குது. அக்கா தூங்குனா. மருந்தும் தூங்குச்சோ? எல்லாரும் அலறின வார்டுல அக்கா மட்டும் அலறல. அலறல் எங்கயோ அங்க மஞ்சள். அலறாத எடத்துல? ஒரு நாள் வேற எதையோ தேடும்போது ஒரு கட்டுரை கண்ணுல பட்டுது, மொளகுல இருக்கிற காரச் சத்து ஈரல் என்சைம் சிலத அமுக்கிப் புடிச்சு வச்சிக்கிடும்னு. இத ஒரு மாசம் முன்னாடி பாத்திருந்தா, நம்ம ஊரு பூராப் பொங்கலும் ரசமுமாத் திங்குது, அப்ப எல்லாருக்கும் ஈரல் படுத்திருக்கணுமேன்னு கேலி பண்ணியிருப்பா. அதுவும் எந்த என்சைம், எவ்வளவு மொளகு, கண்ணாடிக் குழாய்ல நடந்ததா ஆளுக்குள்ள நடந்ததா, ஆயிரம் 'ஆனா' இருக்கு. பகவதிங்கிற பொம்பளைக்கு, முப்பத்தி மூணு வயசு, மூணு வேளை சுண்டக் காய்ச்சின கசாயம், தண்ணி மாதிரி ஒரு பை, இதுக்கு என்ன ஆகும்னு எந்தக் கட்டுரையும் சொல்லாது. நாளைக்குக் காலையில ரெண்டாவது மருந்து. அம்மா பிளாஸ்க்கக் கழுவிக் கவுத்தி வச்சிட்டா, இவ வரும்போது பாத்தா.

சொல்லிர வேண்டியதுதான, "எம்மா, நிறுத்து"ன்னு. ஒத்த வார்த்தை. அது ஏன் வர மாட்டேங்குதுன்னு கேட்டா, அப்பா. அப்பாவ ஐ.சி.யூ கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் படுக்க வச்சிருந்தாங்க, உள்ள விடல. அம்மா கஞ்சித் தூக்குச்சட்டிய மடியில வச்சிட்டு வெளிய பெஞ்சுல. கஞ்சி ஆறிரும், வீட்டுக்குப் போவா, திரும்ப வச்சு எடுத்துட்டு வருவா, திரும்ப ஆறும். யாரும் அத வாங்கிக்கிடல. கடைசியா ஒரு நர்ஸ் வந்து, "அவங்களுக்குக் குழாய்லதாம்மா போகுது, நீங்க குடிங்க"ன்னு சொன்னப்ப அம்மா அந்தச் சட்டிய ரெண்டு கையாலயும் மூடிக்கிட்டா, வெயில்லருந்து மறைக்கிற மாதிரி. அப்பா போனதுக்கப்புறம் அம்மா கையில ஒண்ணும் இல்லாம இருந்த வருஷங்க. கல்யாண வீட்டுக்குப் போனாக் கூட ஒரு ஓரமா. இப்பத்தான், அக்காவுக்கு இப்படின்னு ஆனப்புறம்தான், விடியுமுன்னால எந்திரிச்சு ஒரல்ல என்னத்தையோ இடிக்கிற சத்தம் கேக்குது. மூணு வேளை. அக்கா குடிக்கா, தம்ளரக் கவுத்திக் காட்டுதா, அம்மா அத வாங்கிட்டுப் போறா. அந்த நடையே வேற. அதப் போயி, நீ குடுத்ததுனாலதான் மருந்து முழிக்கலைன்னு... இல்ல, முழிக்கலையோன்னு... எப்படிச் சொல்ல. சும்மா சொல்ல முடியாது. கையில ஏதாவது இருக்கணும். ஒரு நிறம் இருந்தாப் போதும். மஞ்சள் வந்துட்டா, கசாயம் பாட்டுக்குக் கசாயம், மருந்து பாட்டுக்கு மருந்து, அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லவே வேண்டாம், இவளும் நிம்மதியா ஒரு டீ குடிப்பா. வரலன்னா, தட்டப் போட்டோ எடுத்து, பாரும்மா, இந்தா இதுதான் மருந்து மட்டும், இதுதான் கசாயத்தோட, ஒன் கண்ணாலயே பாருன்னு காட்டிரலாம். அப்ப சொல்றது இவ இல்ல, நிறம். கிருமிகிட்டக் கேக்கலாம்னு முடிவு பண்ணினதும் எவ்வளவு லேசா இருந்துச்சு காலையில. அம்மா குளிக்கப் போனப்ப சட்டியில இருந்து கொஞ்சம் மோந்து, வேட்டித் துணியில வடிகட்டி. சொந்த வீட்டு அடுப்படியில திருடினா.

"ஏம்மா வடிவு, பெட்டிக்குள்ள சினிமாவா ஓடுது?" ரொசாரியோ டிபன் பாக்ஸோட நின்னாரு. "வா, சாப்பிடுவோம். எங்க அம்மா சீலா குழம்பு குடுத்து விட்டிருக்கு." "பசிக்கலண்ணே." "மீனுக்குப் பசிக்கலன்னு சொன்ன மொத ஆளு நீதான். யாராவது தட்டத் திருடிட்டுப் போயிருவாங்கன்னு காவலா?" "இல்லண்ணே, சும்மா." "சும்மாவா. காலையிலருந்து எல்லாமே ஒனக்குச் சும்மாவா இருக்கு." போயிட்டாரு. குழம்பு வாசம் மட்டும் கொஞ்ச நேரம் நின்னுச்சு. அக்காவுக்கு மீனு உசுரு, இப்ப வாசமே ஆகல. ஆகலையா? மருந்து தூங்குதுன்னா வாசம் ஏன் ஆகாமப் போகணும்? இந்தா, அப்ப முழிச்சிருக்கு! இல்ல, அது செவப்பு மருந்து வேலையா இருக்கும், செவப்பு மருந்த யாரும் எழுப்ப வேண்டாம், அது முழிச்சுக்கிட்டேதான் வருது. எந்த அடையாளத்தப் புடிச்சாலும் செவப்பு குறுக்க வந்து நிக்குது. அக்காவோட ஒடம்பு ஒரு தட்டா இருந்தா நல்லாருக்கும், குழி குழியாப் பிரிச்சு, இந்தக் குழியில இது மட்டும், அந்தக் குழியில அது மட்டும்னு. அவ ஒடம்புல எல்லாம் ஒரே குழியில கெடக்கு, மருந்தும் கசாயமும் பயமும் ரெண்டு இட்லியும்.

நேரம் ஆயிருச்சு. தட்ட வெளிய எடுத்தா. நிறம் காட்டுற திரவத்தக் குழி குழியா விட்டா. மொத வரிசை, கிருமி மட்டும், ஒண்ணுமில்ல. ரெண்டாவது, மருந்து உண்டு என்சைம் இல்ல, ஒண்ணுமில்ல. மூணாவது, மருந்தும் என்சைமும். மெதுவா, எலுமிச்சம்பழத் தோலு மாதிரி, மஞ்சள். முழிச்சிருச்சு. கிருமி அலறுது. நல்லா அலறு. கடைசி வரிசை. பாதிக் குழியில மருந்தும் என்சைமும் கசாயமும், பாதியில மருந்தே இல்லாம வெறும் கசாயம். ஏற்கெனவே டீத்தண்ணிய விடக் கொஞ்சம் வெளிறின நிறம் அதுக்கு, அதத் தெரிஞ்சுதான் வெறும் கசாயக் குழிய வச்சா, அதக் கழிச்சிட்டுப் பாத்துக்கிடலாம்னு. இப்ப எல்லாமே ஒரு மாதிரி தவிட்டு மஞ்சளா இருக்கு. இருட்டுல நிக்கிற ஆளு தெரிஞ்சவங்களா தெரியாதவங்களான்னு பாக்குற மாதிரி குனிஞ்சு குனிஞ்சு பாத்தா. இந்தப் பக்கம் கொஞ்சம் கூட இருக்கோ? இருக்கு. இல்ல. இருக்கு. ஸ்டாப் சொல்யூஷன் ஊத்தினா மஞ்சள் நல்லாத் துலங்கும், அது வேற ஒண்ணுமில்ல, சலவைச் சோடாக் கரைசல்தான், ஆட்டத்த நிறுத்தி நிறத்த ஏத்திக் குடுக்கும். ஊத்தினா. மூணாவது வரிசை பளிச்சுன்னு ஆச்சு. கடைசி வரிசை பன்னெண்டு குழியும், மருந்து இருந்ததும் இல்லாததும், ஒண்ணு போல, செவப்பாச்சு.

ரத்தமோன்னு நெனச்சா வடிவு, அவ்வளவு முட்டாத்தனமா. பின்னாடி ரொசாரியோ வாயத் தொடச்சிட்டு வந்தவரு, எட்டிப் பாத்துட்டு, "யாருக்கும்மா ஆரத்தி எடுக்கப் போற?"ன்னாரு. ஆரத்தி. மஞ்சளும் சுண்ணாம்பும். மஞ்சத்தண்ணியில சுண்ணாம்பு, சோடா மாதிரிக் காரத்தப் போட்டாச் செவக்கும், எந்தக் கல்யாண வீட்டுலயும் தட்டக் கலக்குற சின்னப்புள்ளைக்குத் தெரியும், மூணு வருஷமா தெனமும் இந்தச் சோடாவ ஊத்துறவளுக்கு மறந்து போச்சு. மஞ்ச நிறத்த வச்சு அளக்குற சோதனையில போயி மஞ்சளப் போட்டிருக்கா. சிரிப்பு வந்துச்சு, சிரிச்சா, சிரிச்சிக்கிட்டே இருக்கும்போது கண்ணு நெறைஞ்சு வழிஞ்சிருச்சு. ரொசாரியோ டிபன் பாக்ஸக் கீழ வச்சாரு. "என்ன கசாயம்?" "அம்மா அக்காவுக்குக் குடுக்கிறதுண்ணே." அவரு அந்தச் செவப்பையே கொஞ்ச நேரம் பாத்தாரு. "மஞ்சள் இல்லாம ஒரு தடவ காச்சித் தரச் சொல்லு. திரும்ப ஓட்டுவோம். கைடு மேடம்கிட்ட நான் பேசுதேன்." "நாளைக்குக் காலையிலண்ணே அக்காவுக்கு." "ஓ"ன்னாரு.

அந்தச் செவப்புக்கு அடியில மஞ்சள் இருக்கா இல்லையா. அதான் கேள்வி, அது அங்கயேதான் கெடக்கு, ஒரு விரக்கடை தூரத்துல, பாக்க முடியாது. தெரியல. வாய்க்குள்ளயே சொல்லிப் பாத்தா. தெரியல. தெரியலன்னா என்ன அர்த்தம்? இவ்வளவு நேரமும் தெரிஞ்சப்புறம் சொல்லலாம், தெரிஞ்சப்புறம் சொல்லலாம்னு ஓட்டிட்டிருந்தா. தெரியாததுனாலதான சொல்லணும்? நல்லாத் தெரிஞ்சா அதுல பயமே இல்லையே. இந்தக் குழி சுத்தமா மஞ்சளா வந்திருந்தாலும் அது கிருமியோட பதிலு, அக்காவோட பதிலு இல்ல. அவ ஒரு சொட்டு தைரியத்துக்காக ஒரு சொட்டுக் கசாயத்த ஊத்தியிருக்கா, அவ்வளவுதான். கையுறையக் கழட்டிப் போட்டுட்டு வராந்தாவுக்கு வந்தா. வெயிலு சுள்ளுன்னு மூஞ்சியில அடிச்சுது. அம்மா நம்பரத் தொட்டா. மணி அடிக்கும்போதே வச்சிரலாமான்னு தோணுச்சு.

அம்மா எடுத்ததும் பின்னாடி நங்கு நங்குன்னு சத்தம். "சொல்லுட்டி." "என்னம்மா செய்யுத?" "மொளகு இடிக்கேன். நாளைக்குக் கொண்டு போணும்லா. தின்னியா?" "எம்மா, கசாயம் வேண்டாம்மா." "எது?" "கசாயம். அக்காவுக்கு. மருந்து ஏத்தி முடியுற வரைக்கும், டாக்டருகிட்டக் கேக்காம, வேண்டாம்." இடிக்கிற சத்தம் நிக்கல. "யாரு சொன்னா? ஒன் கிருமி சொல்லிச்சோ?" "அது ஒண்ணும் சொல்லலம்மா. அந்தத் தண்ணி மாதிரி மருந்து இருக்குல்லா, அது தூங்கிட்டேதான் உள்ள போகும். ஈரல்தான் எழுப்பணும். மொளகு அத எழுப்ப விடாமச் செய்யுமோன்னு." "செய்யுமா, செய்யுமோவா?" "செய்யுமோ-தாம்மா." உலக்கை நின்னுருச்சு. போனுக்குள்ள எங்கயோ தண்ணி சொட்டுற சத்தம், பக்கத்து வீட்டு ரேடியோ. இப்பக் கேப்பா, இப்பக் கேப்பான்னு வடிவு காத்திருந்தா, அதத்தான் அம்மா கேட்டா, ரொம்பச் சின்னக் குரல்ல. "அப்ப போன தடவ நான் குடுத்தது?" ஒண்ணும் ஆயிருக்காதுன்னு சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. "தெரியலம்மா. நாளைக்கு நான் கூட வாறேன். நானே டாக்டருகிட்டச் சொல்லுதேன், எங்க வீட்டுல குடுத்தோம்னு." "நான் குடுத்தேன்னு சொல்லு." "குடுத்தோம்னுதான் சொல்லுவேன்." "அது இல்லாம அவ வாந்தி எடுத்தா?" "எடுக்கட்டும்மா." "எடுக்கட்டுமா? ஏளா, நல்லாச் சொன்ன. எம்புள்ள கொடலப் புடுங்கிட்டுக் கெடப்பா, நான் என்ன செய்ய? பாத்துக்கிட்டு நிக்கவா?" வராந்தாக் கம்பி சுட்டுது, கைய எடுக்கத் தோணல. "நிக்காத. கட்டில்ல அவ பக்கத்துல ஒக்காரு. அவ நெத்தியப் புடிச்சுக்கோ."

வச்சிட்டாளோன்னு வடிவு போனக் காதுலருந்து எடுத்துப் பாத்தா, ஓடிட்டுத்தான் இருந்துச்சு.

"ரெண்டு கையாலயும்லா புடிக்கணும் அவளுக்கு"ன்னா அம்மா. "ஒத்தக் கையால புடிச்சா தலைய ஆட்டிருவா. சின்னதுலயே அப்படித்தான்."